குனிந்து பார்க்கும் நேரம்

போன வாரம் விருத்தாசலத்தில் உறவுக்காரக் கல்யாணம் ஒன்று. மேடைக்கு முன்னால் நின்ற போட்டோகிராபர் ஒரு படம் எடுப்பார், உடனே தலையைக் குனிந்து கேமராவின் திரையைப் பார்ப்பார். இன்னொரு படம், இன்னொரு குனிவு. தண்ணீர் குடிக்கும் கோழியைப் பார்ப்பது போலவே இருந்தது. அவர் குனிந்திருந்த ஒரு சமயம் மாப்பிள்ளை பெண்ணின் காதில் என்னவோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் நிமிர்ந்தபோது இருவரும் பழையபடி விறைத்து நின்றார்கள்.

"எடுக்கறத வுட்டுட்டு அப்படி என்னத்ததான் பாக்குறாரு?" என்றாள் என் மனைவி.

நானும் ஒரு காலத்தில் அந்தக் கோழிதான்.

அதே விருத்தாசலத்தில், ரயில்வே ஜங்ஷனுக்குப் போகும் சாலையில் நானும் சேகரும் ஸ்டுடியோ வைத்திருந்தோம். அவன் எடுப்பான். விளக்கு, லென்ஸ், பேட்டரி எல்லாம் என் பொறுப்பு. எதையும் அதனதன் இடத்தில் வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். சேகரோ லென்ஸ் மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே சட்டையைத் துவைக்கப் போடுகிறவன். அந்த மூடியிலிருந்து சோப்பு வாசனை வரும். இப்போதும் துணி சோப்பின் வாசனை வந்தால் எனக்குச் சேகரின் ஞாபகம்தான்.

ஃபிலிம் காலத்தில் குனிந்து பார்க்க எதுவும் கிடையாது. கழுவி வந்தால்தான் தெரியும். ஆனால் வெறும் ஃபிளாஷ் என்று ஒன்று இருந்தது. கல்யாண வீட்டில் "எங்களையும் ஒண்ணு எடுப்பா" என்று வருகிற எல்லோருக்கும் ஃபிலிமைச் செலவழித்தால் கட்டுப்படியாகாது. சேகர் கேமராவைத் தொடாமல், ஃபிளாஷின் முதுகிலிருக்கும் சின்னப் பொத்தானை மட்டும் அழுத்துவான். பளிச்! வந்தவர்கள் திருப்தியாகப் பந்திக்குப் போவார்கள். ஏமாற்று வேலை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். விறைப்பாக நிற்கிறவர்களுக்கும் முதல் ஃபிளாஷ் வெறும் ஃபிளாஷ்தான். முடிந்துவிட்டது என்று அவர்கள் மூச்சை விடும்போது தோள்கள் கொஞ்சம் இறங்கும். அப்போதுதான் சேகர் நிஜமாக எடுப்பான்.

பிறகு டிஜிட்டல் கேமரா வாங்கினோம். எனக்குக் கொண்டாட்டம். சேகர் ஒவ்வொரு படம் எடுத்ததும் கேமராவை வாங்கித் திரையைப் பார்ப்பேன். கண் மூடியிருக்கிறதா, தலை வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பேன்.

"பரிச்ச பேப்பர் திருத்துறியா? ஆளுங்க அங்க இருக்குறாங்க, நீ பொட்டியப் பாக்குற" என்பான்.

"ஒரு தரம் பாத்துட்டா நிம்மதிடா."

"உனக்கு நிம்மதி. அவங்களுக்குக் கழுத்து வலி."

அந்தச் சமயத்தில்தான் கம்மாபுரம் பக்கமிருந்து செல்வி அக்கா வந்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதில் அவர்கள் வீடும் போகிறது. இடிப்பதற்கு முன்னால் வீட்டின் முன் குடும்பமாக ஒரு படம் வேண்டும். சிக்கல் என்னவென்றால், அக்காவின் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் பேசிக்கொள்வதில்லை. நிலத்தைக் கொடுக்கத் தம்பி முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார், அண்ணன் கடைசிவரை மாட்டேன் என்றவர். இனி ஒருவர் திட்டக்குடிக்கு, மற்றவர் விருத்தாசலத்துக்கு.

"ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் போதும் தம்பி. வூடுதான் போவுது, அதாவது இருக்கட்டும்" என்றார் அக்கா.

அன்று காலையில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனிக்குப் படம் எடுத்துவிட்டு, கேமராப் பையெல்லாம் வெள்ளைத் தூளுடன் மாலையில் அங்கே போனோம். வாசல் நிலையையும் கதவையும் ஏற்கெனவே கழற்றி வண்டியில் ஏற்றியிருந்தார்கள். அக்கா அண்ணனையும் தம்பியையும் கையைப் பிடித்து இழுத்து வந்து அருகருகே நிறுத்தினார். இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். சேகர் பழக்கதோஷத்தில் வெறும் ஃபிளாஷைத் தட்டினான்.

பளிச்சென்றதும் அக்கா ஓடி வந்துவிட்டார். "காட்டுங்க தம்பி, ரெண்டு பேரும் வுழுந்திருக்கறாங்களா?"

கேமராவில் திரை இருப்பதைச் சேகர் அப்போதுதான் நினைத்திருப்பான். நான் சமாளிப்பதற்குள் அக்கா அங்கே இங்கே அமுக்க, காலையில் கடைசியாக எடுத்த படம் வந்தது. வெள்ளைச் செட்டியார் பொம்மைகள், வரிசையாக, தொப்பையோடு.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தம்பிதான் ஆரம்பித்தார். "அண்ணே, நீ நல்லாத்தான் வுழுந்திருக்குற. நடுவுல இருக்குறது நீதான்."

"பக்கத்துல பல்ல இளிச்சிக்கிட்டு நிக்கிறவன் யார்றா? உன்ன மாதிரியே இருக்குறான்" என்றார் அண்ணன்.

அக்கா சிரித்த சிரிப்பில் முந்தானை நழுவி, அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இருவரும் பேசிய முதல் பேச்சு அது என்று பின்னால் சொன்னார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், அக்காவையும் சேர்த்து, சேகர் நிஜப் படத்தை எடுத்தான்.

எடுத்ததும் நான் குனிந்தேன். அன்று சேகரும் குனிந்தான். மறுநாள் அந்த வீடு இருக்காது, படம் சரியாக விழவில்லை என்றால் திரும்ப எடுக்க முடியாது. இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தோம். எல்லாக் கண்களும் திறந்திருந்தன.

"அய்யோ தம்பி, இதப் படம் புடிங்களேன்!" என்று அக்கா கத்தினார்.

நிமிர்ந்தோம். அண்ணன் தன் கையைத் தம்பியின் கழுத்துப் பக்கமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். படம்தான் எடுத்தாயிற்றே, இப்போது போய்த் தம்பியின் மடங்கிய காலரைச் சரிசெய்திருக்கிறார்! "இன்னொரு தரம் பண்ணுங்கண்ணே" என்றான் சேகர். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

குனிந்து பார்க்கலாமா கூடாதா என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரே பதில் சொல்ல வருவதில்லை. பார்த்ததால் அக்காவுக்குப் படம் உறுதியானது. பார்த்த நேரத்தில் அவர் கேட்டதைவிடப் பெரியது ஒன்று நடந்து முடிந்தது. மேடையிலிருந்த அந்த போட்டோகிராபர் மேல் எனக்குக் கோபம் வராததற்கு இதுதான் காரணம்.

அந்த ஊர் இப்போது இல்லை. இருந்த இடத்தில் மண்மேடும் லாரித் தடமும்தான். ஸ்டுடியோவை மூடிவிட்டோம், சேகர் மகனோடு பாண்டிச்சேரியில் இருக்கிறான். அக்காவின் வீட்டுக்காரர், அந்த அண்ணன், போன வருடம் தவறிப்போனார். அஞ்சலி பேனருக்கு அவர் சிரித்த மாதிரி வேறு படம் கிடைக்காமல், அந்தக் குடும்பப் படத்திலிருந்துதான் முகத்தை வெட்டி எடுத்தார்கள். வெட்டியதில் வீடும் அக்காவும் படத்துக்கு வெளியே போய்விட, காதோரத்தில் பக்கத்து ஆளின் தோள் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. "இத அழிச்சிடலாங்க, தெரியாது" என்று பேனர் கடைக்காரர் கம்ப்யூட்டர் மவுஸை நகர்த்தினார். நானும் கூட நின்றிருந்தேன்.

"வாணாம், அது என் தோளு. இருக்கட்டும்" என்றார் தம்பி.