மூடிய கைக்குள் எத்தனை காசு

இடது கை புளியம்பழத்தைக் கல்லின்மேல் வைக்க, வலது கை சிறிய சுத்தியால் தட்டியது. பிதுங்கிய கொட்டைகளை அதே விரல்கள் இரண்டு வரிசையாக ஒதுக்கின. கணக்குக்கு முழுக் கொட்டை ஐம்பது பைசாக் காசு, பிளந்த கொட்டை பத்துப் பைசாக் காசு. பத்து முழுசு, இருபது பிளவு என்று வந்ததும் விரல்கள் நின்றன. ஏழு ரூபாய்க்கு இரண்டணா குறைந்து இடித்தது.

மாணிக்கம்மாளுக்கு இது பழகிப்போன இடிப்பு. ஜமுனாமரத்தூருக்கு மேலே அவளுடைய ஊர். புளி முடிந்ததும் அவளும் கணவன் ரங்கசாமியும் கண்ணமங்கலம் பக்கம் செங்கல் சூளைக்கு இறங்கிவிடுவார்கள். மழை பிடித்த பிறகுதான் வீடு திறக்கும். எண்பத்திரண்டில் கூட்டுறவுச் சங்கம் புளி எடைபோட ஆள் தேடியது. எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்றார்கள். அவள் படித்தது ஐந்து. தனித்தேர்வு எழுதி எல்லாப் பாடமும் தேறினாள், கணக்கு மட்டும் போயிற்று. மறு ஆண்டும் ஆள் கிடைக்காமல் அந்த இடம் காலியாகவே இருந்தது. இந்தத் தேர்விலும் தவறினால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், மறுபடி சூளைதான்.

அவளை வீழ்த்தியது காசுக் கணக்கு. பையில் ஐம்பது பைசாவும் பத்துப் பைசாவுமாக முப்பது நாணயங்கள், மதிப்பு ஏழு ரூபாய், ஒவ்வொன்றும் எத்தனை? மலையில் எல்லோரையும்போல அவளும் அணாவில்தான் எண்ணினாள். ரூபாய்க்குப் பதினாறு அணா, ஐம்பது பைசா எட்டணா. பத்துப் பைசாவைச் சந்தையில் ஒன்றரையணா என்றே சொல்வார்கள். முப்பதும் ஒன்றரையணா என்று வைத்தால் நாற்பத்தைந்து அணா, வேண்டியது நூற்றுப்பன்னிரண்டு. ஒவ்வொன்றாக எட்டணாவாக மாற்றிக்கொண்டே போனால் பத்துக் காசு மாறிய பிறகும் இரண்டணா நிற்கும். பதினொன்றாவதை மாற்றினால் மீறும். காசை உடைக்கவா முடியும்?

"இன்னாடி, புளிய வுட்டுட்டு கொட்டைய எண்ணிக்கினு கீற?" பக்கத்து வீட்டுப் பச்சையம்மா ஒரு ரூபாய்த் தாளை நீட்டினாள். "சில்லறை இருந்தா குடு. பஸ்ஸுக்காரன் தாளப் பாத்தாலே மூஞ்சியச் சுளிக்கிறான்."

மாணிக்கம்மாள் முடிச்சை அவிழ்த்துப் பத்துப் பைசாக்களாக எண்ணி வைத்தாள். "ஒன்றரை, மூணு, நாலரை, ஆறு..." பத்தாவது காசோடு பதினைந்தில் முடிந்தது.

"அக்கா, ரூபாய்க்கு எத்தினி அணா?"

"பதினாறு. மறந்துட்டியா? இந்த லட்சணத்துல பரீட்சை வேற."

"பத்துக் காசுதான் குடுத்தேன். பதினஞ்சுதான் வர்து."

"அப்ப ஒரணாவ நீ முழுங்கிட்ட!"

பச்சையம்மா சிரித்தபடியே காசை வாரிக்கொண்டு போனாள். மாணிக்கம்மாள் அசையாமல் கொட்டைகளைப் பார்த்தாள். பத்துக் காசுக்கு ஓரணா விழுங்கினால் பிளந்த கொட்டை இருபதுக்கு இரண்டணா. நின்ற இரண்டணா அதுதான். வரிசை சரி, வாய் சொன்ன ஒன்றரைதான் தப்பு.

அன்றிலிருந்து அணாவைச் சந்தையோடு விட்டுவிட்டுப் பைசாவிலேயே எண்ணினாள். புத்தகம் 'x என்க' என்று சொன்னதற்கும் இப்போது ஒரு வழி கிடைத்தது. தெரியாத எண்ணிக்கையை இடது கைக்குள் வைத்து மூடிக்கொள்வாள். கைக்குள் இருப்பவை ஐம்பது பைசா. முப்பதில் கைக்குள் இருப்பது போக மீதி, பத்துப் பைசா. எல்லாம் பத்தென்றால் முந்நூறு பைசா. கைக்குள் இருக்கும் ஒவ்வொரு காசும் நாற்பது கூடத் தர வேண்டும். குறைவது நானூறு. நானூறை நாற்பதால் வகுத்தால் பத்து. கை திறந்துவிடும்.

"கைய மூடிக்கினே சோறு துன்னப் போறியா?" என்றான் ரங்கசாமி.

"உள்ள இன்னா கீதுன்னு தெரிஞ்சப்புறம் துன்றேன்."

"நமக்குச் சம்பளம் கீதான்னு பாரு."

திருப்பத்தூரில் தேர்வு. ஐந்தாவது கேள்வி காசுக் கணக்கு: இருபத்தைந்து பைசாவும் பத்துப் பைசாவுமாக நாற்பது நாணயங்கள், மதிப்பு ஐந்து ரூபாய் ஐம்பது பைசா. அவள் இடது கையை மூடினாள். மேற்பார்வைக்கு வந்திருந்த அம்மையார் அருகில் வந்து நின்றார்.

"கையில என்னம்மா?"

"இன்னும் தெரியலீங்க."

"திற."

திறந்தாள். புளிக்கறை படிந்த விரல்கள்தான் இருந்தன. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார். அவள் மறுபடி மூடினாள். எல்லாம் பத்தென்றால் நானூறு. குறைவது நூற்றைம்பது. கைக்குள் ஒவ்வொன்றும் பதினைந்து கூடத் தரும். x = 10 என்று எழுதினாள். இருபத்தைந்து பைசா பத்து, பத்துப் பைசா முப்பது. அத்தோடு விடவில்லை. இருநூற்றைம்பதையும் முந்நூறையும் ஓரத்தில் கூட்டினாள். ஐந்நூற்றைம்பது. எதுவும் இடிக்கவில்லை.

மணி அடித்தது. தாள்களை வரிசைப்படி அடுக்கி, நூல் கோத்து, இரண்டு முடிச்சுப் போட்டாள். அம்மையார் வந்ததும் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் விடைத்தாளை நீட்டினாள்.