கீழ்ப் பாகம் வாசித்தவள்

இந்த ஊரில் மதியம் ஒன்று முதல் மூன்று வரை யாரும் பியானோவைத் தொடக் கூடாது. ரூஹெசைட் என்று அதற்குப் பெயர், அமைதி நேரம். நான் ஜெர்மனிக்கு வந்த இரண்டாவது வாரமே கீழ்வீட்டுக்காரர் என் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, கடைசியில் ஒரு சிரிக்கும் முகம் வேறு. திட்டுவதைக்கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்வார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செம்பாக்கத்தில் எங்கள் மாடிவீட்டு அக்கா, நான் வாசிக்காத நாளில்தான் கதவைத் தட்டுவார். இன்றைக்கு சத்தமே காணோமே, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று அம்மாவிடம் கேட்பார். மிக்ஸி, குக்கர் விசில், ஏரிப்பக்கத்து நாய்கள் எல்லாவற்றோடும் சேர்ந்து வாசித்துப் பழகியவளுக்கு இந்த இரண்டு மணி நேர அமைதி ஒரு தண்டனை. கை சும்மா இருந்தால் புத்தி போகக் கூடாத இடத்துக்குப் போகிறது. என் புத்தி போகிற இடம் ஒன்றுதான், தாம்பரத்தில் இருக்கும் நஸ்ரின். அவளிடம் சொல்ல வேண்டிய ஓர் உண்மையை ஆறு வருஷமாக நான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நஸ்ரினும் நானும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்ச். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் அவளுடைய அத்தாவுக்குப் பை, சூட்கேஸ் விற்கிற கடை. அப்பாவை அவர்கள் வீட்டில் அத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுவேன். சேலையூரில் எஸ்தர் மிஸ் நடத்திய கீபோர்டு வகுப்பில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். எங்கள் பக்கத்தில் மேற்கத்திய இசை கற்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிரேடு பரீட்சைக்கு மூன்று பாடல்கள். வருஷம் முழுக்க அந்த மூன்றேதான், நான்காவதை நினைத்துப் பார்ப்பதுகூடக் கிடையாது. தப்பு வந்தால் மிஸ் பென்சிலால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பள்ளியில் மனப்பாடச் செய்யுளுக்கும் இதே சட்டம்தான் என்பதால் எங்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. போகப்போகப் பென்சிலும் தேவைப்படாமல் போயிற்று. விரல் ஒன்று பிசகினால் கை தானாக முதல் வரிக்கு ஓடிவிடும்.

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும்போது, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச் ஹாலில் ரிசைட்டல், அதாவது மாணவர்கள் மேடையேறி வாசிக்கிற நிகழ்ச்சி, வைப்பதாக மிஸ் அறிவித்தார். அங்கே நிஜமான பியானோ இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே பியானோவில் நான்கு கைகளால் வாசிக்கிற ஒரு பாடலைக் கொடுத்தார். மேல் பாகம் எனக்கு, அதில்தான் மெட்டு வரும். கீழ்ப் பாகம் நஸ்ரினுக்கு, தாளத்தைத் தாங்கிப் பிடிக்கிற வேலை. வீட்டு கீபோர்டில் இரண்டு பேருக்கு இடம் போதாது. அதனால் அவள் தன்னுடையதைச் சேலைத் துணியில் சுற்றி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். கட்டிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு வாசிப்போம். கரண்ட் போய்விட்டால் வெறும் கட்டைகளை அழுத்தி, வாயால் பாடிக்கொள்வோம். அவள் எண்ணிக்கையில் கெட்டி. ஒன் டூ த்ரீ என்று உதடு அசைந்துகொண்டே இருக்கும். நான் அவளைக் கால்குலேட்டர் என்று கிண்டல் செய்வேன்.

இங்கே ஜெர்மனியில், நான் படிக்கும் இசைப் பள்ளியின் முதல் ரிசைட்டலில் என் வண்டவாளம் வெளியே வந்தது. பன்னிரண்டு மாணவர்கள், நாற்பது நாற்காலி, பின்னால் ஒரு மேசையில் கேக். பாடலின் நடுவில் என் மோதிர விரல் வழுக்கியது. அவ்வளவுதான், இரண்டு கைகளும் முதல் வரிக்குப் போய்விட்டன. நான் முடிவெடுக்கவே இல்லை, அதுவாக நடந்தது. கேட்டவர்கள் அது பாட்டிலேயே உள்ள மறுவரி என்று நினைத்துக் கைதட்டினார்கள். என் ஆசிரியை ஃப்ராவ் லிண்ட்னர் மட்டும் புருவத்தைத் தூக்கினார். ரிசைட்டல் முடிந்ததும் இங்கே ஒவ்வொரு மாணவரும் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எப்படித் தயாரானாய், மேடையில் என்ன நடந்தது, என்ன கற்றுக்கொண்டாய். நான் என் தப்புகளை வரிசையாக, எந்த வரி எந்த விரல் என்று குறித்து, பத்தொன்பதையும் எழுதிக் கொடுத்தேன். அதைத்தானே கேட்டிருப்பார்கள்? மறுநாள் ஃப்ராவ் லிண்ட்னர் என்னைத் தனியாக உட்காரவைத்து, ஒழுங்காகத் தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, மதியம் என்ன செய்கிறாய் என்று மெதுவாக விசாரித்தார். கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்று முதல் மூன்று வரை நான் பியானோ பக்கமே போவதில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மனநல ஆலோசகரின் அட்டை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

தப்புகளை எண்ணி எழுதுவது எங்கள் ஊர்ப் பழக்கம் என்று நான் சொல்லி, இருவருக்கும் விஷயம் விளங்கிச் சிரித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. முதலுக்குத் திரும்பும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, இதற்கு முன் எப்போதாவது மேடையில் நடந்திருக்கிறதா, அதை எழுதிக் கொண்டுவா என்றார். நடந்திருந்தது.

கிழக்குத் தாம்பரம் சர்ச் ஹாலில், அன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடையில் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம் அது. அப்படியும் நஸ்ரினின் அத்தா ஷட்டரை இறக்கிவிட்டு, பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. என் மகள் பியானோ வாசிக்கிறாள் என்று அவர் அவர்களிடம் சொன்னது மேடை ஓரத்தில் நின்ற எங்களுக்கே கேட்டது. முதல் பக்கம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் நான் பிசகினேன். கை முதல் வரிக்கு ஓடிற்று. நஸ்ரின் சரியாக எண்ணிக்கொண்டு, இருக்க வேண்டிய இடத்தில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். சில நொடிகள் இரண்டும் ஒன்றோடொன்று மோதி நாராசமாகக் கேட்டது. ஹாலில் யாரோ சிரித்தார்கள். மெட்டு என் கையில் இருந்தது, அதுவும் தொடக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது. அதனால் தப்பு கீழ்ப் பாகத்தில்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நஸ்ரின் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அடுத்த வரியில் என்னோடு சேர்ந்துகொண்டாள். முடித்தோம். கைதட்டினார்கள்.

கீழே இறங்கியதும் மிஸ் நேராக அவளிடம் வந்தார். அவள் அத்தாவும் அந்தக் கடைக்காரர்களும் பக்கத்திலேயே நின்றார்கள். "கவுண்ட் பண்ணவே இல்லையா நீ? ஜெனியைப் பாத்தாவது வாசிக்கக் கூடாதா?" என்றார். நான் கையில் ரஸ்னா டம்ளரோடு அங்கேயேதான் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். பெரிய வீரமெல்லாம் அதற்குத் தேவையில்லை, நான்தான் மிஸ் என்று இரண்டு சொல். திறக்கவில்லை. அத்தா மகளின் தோளில் ஒரு முறை தட்டிவிட்டு வெளியே போனார். ஹால் வாசலில் செருப்பைத் தேடும்போது நஸ்ரின் என்னிடம் சொன்னாள்: "சாரிடி. நான்தான் குழப்பிட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லடி" என்றேன்.

அவளை நான் மன்னித்தேன். என் தப்புக்காக அவளை, பெருந்தன்மையாக! அடுத்த மாதம் அவள் வகுப்புக்கு வரவில்லை, அதற்கு அடுத்த மாதமும் இல்லை. கடை நண்பர்கள் முன்னால் தலைகுனிவு ஆகிவிட்டது, அதனால் அத்தா நிறுத்திவிட்டார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பழி அவர் மேல் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. நான் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது அந்த மனிதர் கடையிலிருந்து தானே ஒரு பெரிய நீலச் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு செம்பாக்கம் வரை வந்தார். நல்லா வாசிம்மா என்று மட்டும் சொன்னார்.

இதையெல்லாம் ஃப்ராவ் லிண்ட்னருக்கு எழுதினேன். பாதி ஆங்கிலம், மீதி எனக்குத் தெரிந்த ஓட்டை ஜெர்மன். எழுதுவது சுலபமாக இருந்தது என்பதுதான் ஆச்சரியம். அந்தச் சொற்கள் எதிலும் நஸ்ரினுடைய குரல் இல்லை, ஒருவேளை அதனால் இருக்கலாம். அவர் அதை என் அனுமதியோடு வகுப்பில் படித்தார். மூட்டிக் என்றார்கள், தைரியசாலி என்று அர்த்தம். ஒரு பையன் எழுந்து வந்து கட்டிக்கொண்டான். தப்பு செய்தபின் நிற்காமல் மேலே போவதுதான் மேடையில் பெரிய திறமை, இனி அதைப் பழகு என்று ஃப்ராவ் லிண்ட்னர் சொன்னார். அந்தத் திறமை எனக்கு ஏற்கனவே வேண்டிய அளவு இருக்கிறது என்று அவரிடம் எந்த மொழியில் சொல்வது? அதே வாரம் அம்மா போனில் சொன்னார், நஸ்ரினின் அத்தா மாரடைப்பில் போய்விட்டார் என்று. நான் நஸ்ரினுக்கு இரண்டு வரி அனுப்பினேன். இரண்டே வரி.

இந்த முறை விடுமுறைக்குச் செம்பாக்கம் போனபோது அந்த நீலச் சூட்கேஸின் சக்கரம் ஒன்று விமான நிலையத்திலேயே உடைந்துவிட்டது. நஸ்ரின் கடையில் மாற்றிக்கொடுப்பாளே, போயேன் என்றார் அம்மா. நாலு நாள் தட்டிக்கழித்தேன், ஐந்தாம் நாள் போனேன். கல்லாவில் அவள் அத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள், டீ வரவழைத்தாள். சூட்கேஸைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தாள். அங்கே கச்சேரியெல்லாம் பண்ணுகிறாயாமே, எனக்கெல்லாம் அது வரவே வராது, அன்றைக்கு உன் மானத்தையும் சேர்த்து வாங்கினேனே என்று தானே சிரித்தபடி எடுத்துவிட்டாள். இதற்குமேல் தாமதிக்க முடியவில்லை. அன்றைக்குப் பிசகியது நான், நீ இல்லை என்று சொன்னேன். அவள் நிமிரவே இல்லை. வெளிநாடு போய் நல்லாப் பேசக் கத்துக்கிட்டே, ஆறுதல் சொல்ல வேண்டாம், எனக்கு அது எப்போதோ ஆறிப்போச்சு என்றாள். இரண்டாவது முறை சொன்னேன். இரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி, என் வலது கை என்று சொன்னேன். ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

"அப்ப நான் சரியாத்தான் வாசிச்சேனா?"

"ஆமா."

என்னால்தானே அத்தா உன் வகுப்பை நிறுத்தினார் என்றேன். அத்தா நிறுத்தினார் என்று யார் சொன்னது என்று கேட்டாள். அவர் நிறுத்தவே இல்லையாம். இரண்டு தடவை கேட்டாராம், மறுபடி சேருகிறாயா, பணம் கட்டிவிடட்டுமா என்று. எனக்கு அது வராது அத்தா என்று இவள்தான் சொல்லியிருக்கிறாள். கீபோர்டு இன்னும் பரணில் கிடக்கிறதாம். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நான் உன்கிட்ட சாரி கேட்டேன், ஜெனி. நீ பரவால்லன்னு சொன்னே." அந்த நேரம் பார்த்து ஸ்கூல் பை வாங்க ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அவள் எழுந்து போய் பைகளை எடுத்துக் காட்ட ஆரம்பித்தாள். சக்கரம் மாட்டியாகிவிட்டது, எடுத்துக்கொண்டு போ என்று கையைக் காட்டினாள். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. கோடை ரிசைட்டலுக்கு நான்கு கைப் பாடல் ஒன்று தந்திருக்கிறார்கள். என்னோடு வாசிப்பவள் இந்த ஊர்ப் பெண், பெயர் லேனா. மேல் பாகத்தை நீ எடுத்துக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டு, முதல் முறையாக பெஞ்சின் இடது பக்கம் உட்கார்ந்தேன். நேற்று பயிற்சியில் அவள் ஓர் இடத்தில் பிசகினாள். நான் எண்ணிக்கொண்டே தொடர்ந்தேன். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு மேலே நடக்கிற பிசகு எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது! சந்தேகத்துக்கே இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே இந்த ஊரின் ஓட்டுக்கூரைகள் தெரிந்தன. என் பக்கத்தில் லேனா சாரி சொல்லிக்கொண்டிருந்தாள், அவர்கள் மொழியில். எனக்கு அது காதில் ஏறவில்லை. நான் தாம்பரத்து ஹாலில், நஸ்ரின் இருந்த பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அவளுக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும். என் தப்பைத் தெளிவாகக் கேட்டுவிட்டு, அதன் பிறகும் தன் காதை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறாள்.