அரிசிப் பானையில் வைத்த தோடு

நஞ்சப்பண்ணனுக்கு வைரம் பாக்கத் தெரியும்னு வடகரப்பதி ஊரு முச்சூடும் சொல்லுவாங்க. எப்படிக் கத்துக்கிட்டார்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பக்கத்து ஊட்டுக்காரி நான், எனக்குத் தெரியுமுங்க. நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

பொள்ளாச்சிக்கு ரயில் உட்ட சமயம். அவரு மக சாந்தம்மாளைக் கோயமுத்தூர்ப் பக்கம் கட்டிக் குடுத்தாங்க. வைரத்தோடு போடறேன்னு நிச்சயத்துலயே சொல்லிப்போட்டாரு. மழை ஏமாத்திருச்சு, போட முடியலை. பையன் பொறக்கற வரைக்கும் மாமியார்க்காரி பல்லைக் கடிச்சுட்டு இருந்தா. பொறந்ததும், "தோட்டோட வந்தா உள்ள வா"ன்னு புள்ளைய மட்டும் வெச்சுக்கிட்டு இவளைத் தொரத்தியுட்டுட்டா. பால்குடி மறக்காத பையனுங்க! இங்க இவளுக்கு மாரு கட்டிக்கும். அழுதுக்கிட்டே செவுத்தோரமாப் பாலைப் பீச்சி உடுவா. அதைப் பாத்துட்டு எந்த அப்பனுக்குச் சோறு எறங்கும்? கெணத்தோட இருந்த தோட்டத்தை வித்துப்போட்டுப் பாலக்காட்டுக்கு ஓடினாரு.

அங்க வைரக் கடைக்காரர் சந்தனம் செட்டியார் நல்ல மனுசன். கல்லுக்குப் பின்னால தங்கம் மூடாத தொறந்த கட்டுல ஒரு சோடித் தோடு குடுத்து, "ஊட்டுல வெச்சுப் பாத்துட்டு வாங்க"ன்னாரு. வைரம்னா அப்படித்தானுங்களே? மஞ்சத்துணியில முடிஞ்சு அரிசிப் பானையில வெச்சு, ஊட்டுக்கு நல்லது நடக்குதா கெட்டது நடக்குதான்னு பாப்பாங்க. வெச்ச மறுநாளே உழவெருது பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சு. அண்ணன் தோட்டை எடுத்துக்கிட்டுத் திரும்பவும் பாலக்காட்டுக்குப் போனாரு.

"ஏனுங்க, பாம்பு கடிச்சதுக்குக் கல்லு என்ன பண்ணும்? வெளிச்சத்துல பாருங்க. ஊதிப் பாருங்க, ஆவி நிக்குதா? கண்ணாடின்னாத்தான் நிக்கும்"ன்னு செட்டியார் மல்லுக்கட்டினாராம்.

"நல்ல கல்லாவே இருக்கட்டுமுங்க. எம் மகளுக்கு ஆகாது"ன்னு குடுத்துட்டு வந்துட்டாரு. எடது தோட்டுல கல்லைப் புடிச்சிருந்த பல்லு ஒண்ணு நசுங்கியிருந்துச்சு. அதுவே கெட்ட சகுனம்னு பொலம்பிட்டே கெடந்தாரு.

அப்பறம் சந்தைக்கு வந்த வெளியூர்க்காரன் ஒருத்தன் வேற சோடி காட்டினான். பின்பக்கம் பூராத் தங்கத்துல மூடின கட்டு. அதையும் பானையில வெச்சாங்க. அன்னைக்கே மழை கொட்டுச்சுங்க! மாடு கெடேரிக்கண்ணு போட்டுச்சு. சாந்தம்மா சிரிச்சதை அப்பத்தான் பாத்தேன். கட்டைத் தொறந்து பாக்கோணும்னு யாருக்குங்க தோணும்? தோட்டம் வித்த காசு அவன் மடிக்குப் போச்சு.

தோட்டைப் போட்டுக்கிட்டு அவ போனப்ப நானும் கூடப் போனேன். மாமியார்க்காரி ஆசாரியைக் கூப்பிட்டு உட்டா. அவரு கல்லை ஊதினாரு. ஆவி அப்படியே நின்னுச்சு. பின்மூடியை நெம்பினா, உள்ள வெள்ளித் தகடு. தகட்டை எடுத்ததும் மினுமினுப்பெல்லாம் போயி வெறுங் கண்ணாடி. உள்ள பையன் அழுதான். இவ சீலை முன்னால நனைஞ்சு போச்சு. "ஒருக்காப் பால் குடுத்துட்டுப் போயிடறேனுங்க"ன்னு கால்ல உழுந்தா. கதவைச் சாத்துனா அந்தப் பாவி. அவ கை வெளங்குமா?

அதுக்கப்பறம் அண்ணன் கண்ணாலம் பேசற ஊடுகளுக்கெல்லாம் போயிக் கேக்காமலே சொல்லுவாரு. "மூடின கட்டு வாங்காதீங்க. தொறக்கச் சொல்லுங்க, ஊதிப் பாருங்க. பானையில வெச்சதை நம்பி மோசம் போயிடாதீங்க." மொதல்ல கிறுக்கன்னாங்க. அப்பறம் அவங்களே தேடி வந்தாங்க.

அப்படித்தான் அப்புசாமின்னு ஒருத்தர் வந்தாரு. அவரு மகளை ரெண்டாந்தாரமாக் கேக்கறாங்களாம், தோட்டோட அனுப்பச் சொல்றாங்களாம். தோட்டை நீட்டினாரு. எடதுல நசுங்கின பல்லு. செட்டியார் கடைத் தோடேதானுங்க! மாப்பிள்ளை எந்த ஊடுன்னு அண்ணன் கேட்டாரு. நம்ம சாந்தம்மாளைத் தொரத்தின ஊட்டையே சொன்னாரு மனுசன். 'கண்ணாடின்னு சொல்லிப்போடுண்ணா, கண்ணாலம் நிக்கட்டும்'னு மனசுக்குள்ள கத்தறேன்.

அவரும் அதைத்தான் சொல்லப் போனாரு. "இது கண்ணாடி..."ன்னு வாயெடுத்தாரு.

சாந்தம்மா உள்ள இருந்து வந்து தோட்டை வாங்கினா. ஊதினா. ஆவி நிக்கலை.

"நல்ல கல்லுத்தானுங்க, மாமா. போட்டு அனுப்புங்க, அப்பத்தான் அந்த ஊட்டுக் கதவு தொறக்கும். அங்க ஒரு பையன் இருக்கறானுங்க. அழுதான்னா, உங்க மகளைச் சித்த நேரம் தூக்கி வெச்சுக்கச் சொல்லுங்க."