ரத்தம் தொட்ட ஒரு சொல்

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டிகள் கட்டும் பட்டறை ஒன்றில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். லாரியின் மேல் கம்ப்ரசரையும் துளை போடும் உயரமான மாஸ்ட்டையும் பொருத்தி அனுப்புவோம். கடைசிச் சோதனை என் பொறுப்பு. ஆங்கிலக் கையேடு எழுதுவதும் நான்தான். வெளிநாட்டுக்குப் போகும் ஒரு வண்டியின் கையேட்டில், முதல் பக்கத்தில் 'காட் பிளெஸ்' என்று போடச் சொன்னார் முதலாளி. எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். இருந்தாலும் அச்சுக்குப் போகும் எதையும் ஒருமுறை சரிபார்ப்பது என் வழக்கம். அகராதியைத் திறந்தேன்.

ஆசி வழங்குவது, புனிதமாக்குவது, காப்பது, நன்றி சொல்வது என இன்றைய பொருள்கள் வரிசையாக இருந்தன. கீழே வேர். 'பிளெஸ்' என்பது ரத்தத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ரத்தத்தால் தொட்டுப் புனிதமாக்குவது என்பது முதற்பொருள். இங்கிலாந்தில் கிறித்தவம் பரவியபோது, 'நல்லது சொல்லுதல்' என்ற லத்தீன் சொல்லுக்கு ஈடாக இதையே எடுத்துக்கொண்டார்கள். பிறகு, ஒலியில் நெருங்கிய இன்னொரு சொல்லிலிருந்து ஆனந்தத்தின் சாயலும் வந்து ஒட்டிக்கொண்டது.

படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எங்கள் பட்டறையிலிருந்து எந்த வண்டியும் ரத்தம் காட்டாமல் வெளியே போனதில்லை. சேவலை அறுத்து முன்சக்கரத்தில் ஒரு சொட்டு, மாஸ்ட்டின் அடியில் ஒரு சொட்டு வைப்பார்கள். நாம் கொடுக்காவிட்டால் இரும்பு தானே எடுத்துக்கொள்ளும் என்பது இங்கே எல்லோருடைய நம்பிக்கை. படித்தவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் சேவல் வாங்க மறக்கவும் மாட்டார்கள்.

அந்த வாரம் என் தம்பி போகும் வண்டி தயாரானது. அவன் டிரில்லர், ரிக்கில் நின்று துளை போடுபவன். போன வருடம் மத்தியப் பிரதேசத்தில் துளைக்கும் ராடு நழுவி அவனுடைய தோள் எலும்பை உடைத்தது. மாதக்கணக்கில் வீட்டில் கிடந்து தேறினான். அவனுடைய முதலாளிக்காக எங்கள் பட்டறையில் கட்டிய புது வண்டியில் மறுபடியும் அங்கேயே கிளம்பவிருந்தான். இந்த முறை சேவலைத் தானே கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் வளர்த்ததைக் கூடையில் போட்டு, பஸ் ஏறி, விடிந்ததும் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சேவல் உடம்பைச் சிலிர்த்து உதறினால் துலுக்கிவிட்டது என்பார்கள். சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். துலுக்காததை வெட்டக்கூடாது.

அம்மா தெளித்தாள். சேவல் அசையவில்லை. இன்னொரு முறை தெளித்தாள். தரையில் கிடந்த வெல்டிங் துகளைக் கொத்திப் பார்த்தது.

கத்தியோடு நின்ற டிரைவர் சொன்னார், "அக்கா, ஒரு சொம்புத் தண்ணியத் தலையோட ஊத்துங்க. குளுருக்குத் தானாத் துலுக்கீரும்."

"ஊத்துனா எருமைகூடத்தான் துலுக்கும். சும்மா நில்லுங்க."

"நேரமாச்சுங்க்கா. வெயிலுக்கு முன்னால தொப்பூர்க் கணவாயத் தாண்டோணும்."

"தாண்டலாம். தொப்பூரு எங்கயும் போயிராது."

தம்பி தோளில் பையோடு சிரித்தான். "அம்மா, அது வேண்டாங்குது. உட்ருங்க."

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். "எது வேண்டாங்குது? தன்னைய வெட்ட வேண்டாங்குதா, நீ போக வேண்டாங்குதா?"

தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் கை பழைய முறிவின் மேல் போனதைப் பார்த்தேன். அவனுக்கும் பயம் இருந்தது. போகாவிட்டால் அந்த இடத்தில் வேறொருவன் ஏறிக்கொள்வான், பிறகு இந்தத் தொழிலுக்கே திரும்ப முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும். டிரைவர் கத்தியைத் துணியில் சுற்றினார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ பாத்தயா சாமி, வண்டிய?"

"பாத்தேம்மா."

"என்னென்ன பாத்தே?"

சொன்னேன். ஹைட்ராலிக் ஹோஸ் ஒவ்வொன்றும். ராடு நழுவாமல் பிடிக்கும் கவ்வி, ஏற்றியும் இறக்கியும். மாஸ்ட்டின் பூட்டு. பிரேக். அவசரத்தில் நிறுத்தும் பொத்தான், டிரில்லர் நிற்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டுகிறதா என்று தம்பியையே நிறுத்திப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையசைத்தாள். பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் நடுவில் நிறுத்தவிடவில்லை.

"அப்ப ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு."

அப்படி ஒரு வாக்கியத்தை நான் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. சோதித்த அன்று சரியாக இருந்தது என்று எழுதலாம். அதற்கு மேல் எழுத எந்தப் பொறியாளருக்கும் உரிமை இல்லை. அதை அம்மாவிடம் விளக்கத்தான் வாயைத் திறந்தேன். தம்பியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன்.

அம்மா சேவலின் கால்கட்டை அவிழ்த்தாள். குங்குமத்தைக் குழைத்து முன்சக்கரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். "உங்கக்கா சொல்லீட்டா, ஏறு" என்றாள் தம்பியிடம். "போய்ட்டு வாரேங்க்கா" என்று என்னிடம்தான் முதலில் சொன்னான் தம்பி.

வண்டி கிளம்பியபோது, கையேட்டில் முதலாளி போடச் சொன்ன 'காட் பிளெஸ்' பற்றி யோசித்தேன். அதைச் சொல்கிறவர்கள் கடவுளின் பேரில் சொல்லிவிடுகிறார்கள். பொறுப்பு அங்கே போய்விடுகிறது. நான் என் பேரிலேயே சொல்லிவிட்டேன்.

அதன்பின் அம்மா கோயிலில் அவனைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என்னிடம் கேட்கிறாள், "இன்னைக்கு எப்படி இருக்கறானாம்?" கேட்பாள் என்பதால், பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் தம்பியைக் கூப்பிட்டுப் பேசிவிடுகிறேன். கவ்வி எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்பேன். பிறகுதான் சாப்பிட்டாயா என்பது.