கண்ணை மூடி விழும் பரீட்சை

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் காற்றுக்கு நடந்தேன். ஏதோ கம்பனிப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கண்ணை மூடிப் பின்னால் சாய, மற்றவர்கள் கூச்சலோடு பிடித்தார்கள். எனக்கு முதுகு கூசியது. சிரிக்காதீர்கள், இதை நான் பரீட்சையாகவே செய்தவன்.

யுத்த காலம் அது. யாழ்ப்பாணத்துப் பெடியன் கொழும்பில் தங்குவதென்றால் பொலிசுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்த காரணம், கொட்டாஞ்சேனையில் நடந்த விளையாட்டு, பொழுதுபோக்கு ஆரம்பப் பயிற்சி. விசில் ஊதுவது, மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, சின்னப் பிள்ளைகளை விளையாட வைப்பது. ஓடவே தெரியாத எனக்கு முருகன் தந்த இடம்! அந்த முருகனின் திருநீற்றையே, தமிழனென்று தெரியாமலிருக்க, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றி வருமுன் கைலேஞ்சியால் துடைத்துவிடுவேன். "அப்பனே, பின்னேரம் திரும்பப் பூசுறன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

வகுப்பில் என் சோடி நிஹால், சிங்களப் பெடியன். தினமும் ஒரே கேள்வி: "மச்சான், நீ எங்க தங்குறது?"

வெள்ளவத்தை லொட்ஜில் என்னோடு அறையில் இருந்தவன் அடித்துச் சொன்னான்: "உவன் சி.ஐ.டி.தான். இடத்தைச் சொல்லிப்போடாத. வந்து அள்ளிக்கொண்டு போவாங்கள்."

ஆகவே ஒருநாள் கிருலப்பனை என்றேன், இன்னொரு நாள் புதுக்கடை. எதைச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமிராது.

கடைசிச் செய்முறைப் பரீட்சைதான் இந்த விழுகை. பெயிலானால் கொழும்பில் தங்கக் காரணமில்லை, பெட்டி கட்ட வேண்டியதுதான். பிடிக்க நிஹால் பின்னால் நிற்க, சாய்ந்தேன். பாதிவழியில் கால் தானாகவே பின்னால் ஊன்றியது. மறுபடியும் அப்படியே.

"தம்பி, பின்னுக்கு நிக்கிறது மனிசன், கிணறு இல்ல. சாயுங்க!" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

"முருகா" என்று விழுந்தேன். நிஹால் பிடித்துக்கொண்டான்.

அடுத்து அவன் முறை. பார்த்தால், அவனும் பாதிவழியில் காலை ஊன்றுகிறான்!

"உனக்கென்னடா பயம்?" என்றேன்.

"நீ ஒவ்வொரு நாள் ஒவ்வொரு இடம் சொல்றது மச்சான். எனக்குப் பயம் வராதா?"

ஒருவழியாகக் கண்ணை இறுக்கிக்கொண்டு விழுந்தான். தாங்கிய என் கைக்கு அவன் நெஞ்சு படபடத்தது தெரிந்தது. இருவரும் பாஸ். வெளியே வந்ததும் தோளில் கைபோட்டு, "இப்ப சொல்லு, எங்க?" என்றான்.

"கிராண்ட்பாஸ் பக்கம்" என்றேன்.

சென்றிகள் போய்விட்டன. பயிற்சி நடந்த மண்டபத்தை இடித்து மாடிவீடுகள் கட்டிவிட்டார்கள். நிஹால் எங்கே என்று தெரியாது. என்றாவது என்னைத் தேடி வந்திருந்தால், பாவம், எந்தெந்தத் தெருவில் கதவு தட்டினானோ.