நான் போட்ட இரண்டாவது வாக்கு

போன ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு வாக்குப் போட்டேன். பதறிப்போய்ப் பொலிஸைக் கூப்பிட வேண்டாம்... பொலிஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போட்டேன்.

ஒன்று என்னுடையது. மற்றது எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடியில் இருக்கும் சறோஜா அக்காவுடையது. அக்காவுக்கு முழங்காலில் ஒப்பரேஷன். மேயர் தேர்தலன்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். இப்படிப்பட்டவர்களுக்கு பிரான்ஸில் ஒரு வசதி உண்டு — முன்கூட்டியே பொலிஸுக்குப் போய், 'எனக்குப் பதிலாக இவர் போடுவார்' என்று எழுதிக் கொடுக்கலாம். ப்ரொக்குரசியோன் என்பார்கள்.

வீட்டில் புருஷன் இருக்க நான் எதற்கு? நியாயமான கேள்வி. கந்தசாமி அண்ணைக்கு வாக்கு இல்லை. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பல வருடமாகக் கொத்துரொட்டி போடுகிறார். அந்தக் குசினிக்குள் பிரெஞ்சு நுழைந்ததே இல்லை. முதலாளி தமிழ், சாப்பிட வருகிறவர் தமிழ், கோப்பை கழுவுகிறவரும் தமிழ். பிரஜாவுரிமைக்கான மொழிப் பரீட்சையில் மனிதர் தவறிவிட்டார். அக்காவோ ஒபிஸுகளில் துப்புரவு வேலை. அங்கே வேலை செய்யும் பெண்களோடு கதைத்துக் கதைத்தே பாஸாகிவிட்டார். ஊரில் இருந்த காலத்தில் சண்டையும் இடப்பெயர்வும்தான். வாக்குச்சாவடிப் பக்கம் போக வாய்க்கவில்லை. ஆக, இதுதான் அவருடைய வாழ்க்கையின் முதல் வாக்கு.

அண்ணைக்கு வாக்குத்தான் இல்லை. அபிப்பிராயம் தாராளமாக உண்டு.

அவருடைய ஆள், கோயில் தேருக்கு வந்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு, 'வணக்கம்' என்று சொல்லி, வடையும் சாப்பிட்டுவிட்டுப் போன வேட்பாளர். அந்த வடை அண்ணையின் கையால் சுட்டது. அதற்குமேல் ஒரு மனிதரிடம் என்ன தகுதியை எதிர்பார்க்க முடியும்?

பொலிஸ் நிலையத்துக்கு மூன்று பேருமாகத்தான் போனோம். அக்கா பட்டுச்சேலை. வழியில் மரக்கறிக் கடை வாசலில் நின்றவர், பொலிஸுக்குப் போகிறோம் என்றதும், வீட்டில் கள்ளன் புகுந்துவிட்டானோ என்று விசாரித்தார். வோட்டு விஷயம் என்றதும் அவருக்குச் சப்பென்று போய்விட்டது.

திரும்பி வரும்போது அக்காவிடம் கேட்டேன் — யாருக்குப் போடவேண்டும்? அக்கா அண்ணையைப் பார்த்தார். பிறகு சொல்கிறேன் என்றார்.

அந்தப் 'பிறகு' வரவே இல்லை. டெலிபோன் எடுத்தால் அண்ணைதான் எடுப்பார். வீட்டுக்குப் போனால் அண்ணை தேத்தண்ணியோடு பக்கத்தில் இருப்பார். ஒப்பரேஷன் முடிந்ததும் லீவு போட்டுவிட்டுக் கட்டிலருகிலேயே கதிரையைப் போட்டுக்கொண்டார். நல்ல புருஷன் — அதுதான் பிரச்சினையே!

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாளைக்கு வோட்டு. அண்ணை என்னைக் கொரிடோருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, எங்கட ஆளுக்குத்தான். விளங்கிச்சோ? அவவுக்கும் அதுதான் விருப்பம்."

அக்காவிடம் கேட்டீர்களா என்றேன். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார். வாக்கு ரகசியமானது என்று சட்டம் சொல்கிறது. எங்கள் வீடுகளில் அது எவ்வளவு ரகசியம் என்றால்... போடுகிறவருக்கே கடைசிவரை தெரிவதில்லை.

உள்ளே வந்தோம். பிரஷர் பார்க்க நர்ஸ் வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். அவ்வளவுதான், அக்கா அதே பிரெஞ்சில் மடைதிறந்தார். கால் பரவாயில்லையாம். ஆனால் அந்தா நிற்கிற பெடியனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம். தன் வாக்கு வடை சாப்பிட்டவருக்கு இல்லையாம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தபோது, நாலு மாடியும் மூச்சு வாங்க ஏறிவந்து வாக்குக் கேட்டுக் கதவு தட்டினாளே ஒரு மனுஷி... அவளுக்காம். இந்தக் காலோடு அந்தப் படிகளைத் தினமும் ஏறிய தனக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியுமாம்.

நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"பிரஷர் கொஞ்சம் கூடவாம்" என்றார் அக்கா.

அண்ணை துடித்துப்போனார். உப்பைக் குறை என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேனே என்று புலம்பியபடி அக்காவின் போர்வையை இழுத்துவிட்டார். பாவம் மனிதர். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

ஞாயிறன்று அந்த மனுஷியின் சீட்டை உறைக்குள் வைத்துப் பெட்டியில் போட்டேன். அதிகாரி அக்காவின் முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாய்க் கடித்து வாசித்து, வாக்களித்தார் என்று சத்தமாக அறிவித்தார். அக்கா இதைக் கேட்க இங்கே இல்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால் லட்டு வாசம். வென்றது வடை சாப்பிட்டவர்! அண்ணை எனக்கு இரண்டு லட்டுத் தந்து, முதுகில் தட்டிவிட்டு, நர்ஸுகளுக்குக் கொடுக்கப் பெட்டியோடு வெளியே போனார்.

முதல் தடவையாக அக்காவும் நானும் தனியே. உங்கள் ஆள் தோற்றுப்போனா அக்கா என்று மெதுவாகச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று யோசித்தேன். அக்கா லட்டைக் கடித்தார்.

"தோத்தால் என்ன தம்பி. தோத்தது என்ர ஆளெல்லே."

வெளியே கொரிடோரில், மனைவியின் வாக்கால் கிடைத்த வெற்றிக்கு அண்ணை இன்னும் லட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.