மாமனார் என் பாலை எரித்துப் பார்த்தது

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மடியில் நாலு மாதப் பெண் குழந்தை. கட்டிலில் மாமனார். வாசற்படியில் பக்கத்து வீட்டு அக்கா. ஜெபக் கூட்டத்துக்குப் போகிற வழியில் உட்கார்ந்தவர், அப்புறம் போகவில்லை. பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பி ஒரு காலில் மட்டும் ஷூ போட்டிருந்த என் வீட்டுக்காரர். நடுவில், கையில் தொங்கு தராசோடு அங்கன்வாடி டீச்சர்.

டீச்சர் தராசை நிலைப்படிக் கொக்கியில் மாட்டிக் குழந்தையைத் தொங்கவிட்டார். ஐந்து கிலோ இருநூறு. போன மாதமும் அதுவே.

"நடுவுல ஜுரம் வந்துச்சு இல்ல, அதான் எடை ஸ்வல்ப நின்னுடுச்சு. பயப்படாதீங்க. கேக்கறப்பெல்லாம் பால் குடுங்க. நீங்க ராகி, கீரை, முட்டை சாப்பிடுங்க. தாய்ப்பால்ல இரும்பு, துத்தநாகம், செம்பு எல்லாம் இருக்கு. பாப்பா வளர அது போதும்" என்றார்.

எல்லாரும் முழுதும் கேட்டோம். மாமனார் உலோகத்தை மட்டும் கேட்டார். எங்கள் ஊரில் தங்க மைன்ஸ் ஓடிய காலத்தில், கல்லைப் பொடி பண்ணி எரித்து அதில் தங்கம் எவ்வளவு என்று பார்க்கிற அறையில் வேலை செய்தவர் அவர். எழுந்து உட்கார்ந்தார்.

"இருக்குதுன்னு வாயால சொன்னா ஆச்சா? சாம்பிள் எடுத்தாங்களா?"

"தாத்தா, அது பால்."

"கல்லுல தங்கம் மட்டும் கண்ணுக்குத் தெரியுதா?"

என் வீட்டுக்காரருக்கு ரயில் போய்விடும். "நைனா சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒண்ணும் இல்லன்னா டப்பாப் பாலுக்கு மாத்திடலாம்" என்று சொல்லி இன்னொரு ஷூவையும் போட்டுக்கொண்டு போனார்.

எனக்குப் பாலை நிறுத்த மனசில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. சாம்பிள் கொடுக்காவிட்டால் டப்பா. கொடுத்தால் ஒருவேளை தப்பலாம். கொடுத்தேன்.

மாமனார் அதை ஒழுங்காகச் செய்தார். ஒரு ஷிஃப்ட் சாம்பிளை மட்டும் நம்பக்கூடாதாம். காலை, மதியம், ராத்திரி மூன்று ஷிஃப்டுக்கும் வேண்டும். சுரங்கத்தின் தளங்கள் மாதிரி, இடது ஒரு லெவல், வலது ஒரு லெவல், இரண்டையும் கலக்கக்கூடாது. மருமகளிடம் இதை எப்படிச் சொல்வது? அக்காவிடம் சொல்வார். நானும் அதே அறையில்தான் இருப்பேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லும்மா, வலது லெவல் இன்னும் வரல."

"காது கேக்குதுண்ணே அதுக்கு."

"நீ சொல்லு."

அக்கா என் பக்கம் திரும்புவார். "வலது லெவல் வரலயாம் கண்ணு." நான் திரைக்குப் பின்னால் பிழிந்து கொடுப்பேன். அரை டம்ளர். அவர் அதைச் சுவரைப் பார்த்தபடி வாங்குவார்.

பின்பக்கம் கரி அடுப்பு மூட்டி, பழைய மண் குடுவையில் ஊற்றிச் சுண்டவைத்து, கருக்கி, சாம்பலாக்கினார். ஒரு சிட்டிகை தேறியது. அதன்மேல் காந்தத்தைக் காட்டினார். சாம்பல் அசையவில்லை.

"பூவர் கிரேடு. இன்னும் சாம்பிள் வேணும்."

குழந்தை அழுதது. பால் போதவில்லை என்று சொன்னேன்.

"அதான் நானும் சொல்றேன். சத்து இல்ல" என்றார், அக்காவிடம்.

அந்த வாரக் கடைசியில் முடிவு சொன்னார். "இந்த ஷாஃப்ட்ட மூடிடலாம்." தங்கம் தேறாத சுரங்கக் குழியை அப்படித்தான் மூடுவார்களாம். என் வீட்டுக்காரர் அன்றைக்கே பங்காருபேட்டையில் இறங்கி டப்பா வாங்கி வந்தார். நான் அதைத் திறக்கவில்லை. அக்கா கையில் எடுத்துப் பார்த்தார்.

"அண்ணே, இதுல இரும்புன்னு கொட்டை எழுத்துல போட்டுக்கீது. இதையும் எரிச்சுப் பாருங்களேன்."

நியாயம் நியாயம்தான். எரித்தார். சர்க்கரை தீய்ந்த நாற்றத்துக்குத் தெருவே கூடியது. காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. மாமனார் டப்பாவை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை ரயிலேறிக் கடைக்கே போனார். கடைக்காரர் கேட்டாராம்: "பெரியவரே, குழந்தைக்குக் குடுக்கச் சொன்னா நீங்க காந்தத்துக்கா குடுத்தீங்க?"

திரும்பி வந்து கீரையை எரித்தார். ராகியை எரித்தார். முட்டையையும். காந்தம் எதையும் தூக்கவில்லை. கடைசியில் என் புடவை ஊக்கைத் தூக்கியது. காந்தத்தில் குறை இல்லை என்று அவருக்கு நிச்சயமானது.

"இந்த வீட்ல எதுலயுமே இரும்பு இல்லயே! நாமெல்லாம் எப்படி உசுரோட கீறோம்?" என்றார். நிஜமாகவே பயந்துவிட்டார். மறுபடி காலை ஷிஃப்டிலிருந்து சாம்பிள் கேட்டார்.

டீச்சர் எட்டிப் பார்க்க வந்தார். எடை போட்டார். ஐந்து கிலோ நூறு. இறங்கியிருந்தது.

"பால் குடுக்கறீங்களா இல்லையா?" என்று என்னைக் கேட்டார். நான் பின்பக்கத்து அடுப்பைக் காட்டினேன். அக்கா ஷிஃப்ட், லெவல் எல்லாவற்றையும் விளக்கினார். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா குடிக்க வேண்டியத அடுப்புல ஊத்திட்டு, பாப்பா ஏன் ஏறலன்னு பாத்தீங்களா? தாத்தா, பால்ல இருக்கறது ஆணி இல்ல, காந்தத்துல ஒட்ட. துளியூண்டு இரும்புதான் இருக்கும். அந்தத் துளி பாப்பா உடம்புல நல்லா சேரும்."

மாமனார் குடுவையைப் பார்த்தார். பிறகு குழந்தையின் காலைப் பார்த்தார். அது மெலிந்திருந்தது. எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்து, கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக, நேராக என்னிடம் பேசினார்.

"குடும்மா. ரெண்டு லெவலும் குடு."

அன்றிலிருந்து நான் பால் கொடுக்கிறபோது வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரையும் உள்ளே விடவில்லை. "ஷிஃப்ட் நடக்குது, அப்புறம் வாங்க." கேஸ்காரன் சிலிண்டரைத் திருப்பி எடுத்துப் போனான். ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரரும் வெளியிலேயே நின்றார். குழந்தை ஒரு பக்கம் குடித்து, மறுபக்கமும் குடித்து, அப்படியே தூங்கியது. நான் முட்டை தின்றேன். மாமனார் அதை உரித்துக் கொடுத்தார்.

அடுத்த மாதம் டீச்சர் தராசை மாட்டினார். மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு முள்ளுக்கு நேராக நின்றார். அது ஆடி ஆடி நின்றது.

ஐந்து கிலோ அறுநூற்று ஐம்பது.